லோக்கல் – ஒரு சொல், பல பொருள்

ஒரு மொழியின் சொல் வேறொரு மொழிக்குள் வரும்போது தன் பொருள் முழுவதையும் சுமந்து வருவதில்லை. புகுந்த ஊரின் தேவைக்கேற்பச் சில பொருள்களை இழக்கும். சிலவற்றைப் புதிதாகப் பெறும். ‘லோக்கல்’ என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்று. ஐரோலியில் அது ஒரு வண்டியின் பெயர். தமிழ்நாட்டிலோ பல வேளைகளில் ஒரு வசைச்சொல்.

சொல்லின் வேர்

இலத்தீன் மொழியில் ‘லோகுஸ்’ என்பதற்கு ‘இடம்’ என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘லோக்கல்’ என்பதற்கு ‘ஓர் இடத்தைச் சார்ந்த’ என்பதே அடிப்படைப் பொருள். தொடர்வண்டியை இழுக்கும் எந்திரத்தைக் குறிக்கும் ‘லோகோமோட்டிவ்’ என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. இடத்தைச் சார்ந்திருப்பதும் இடம்விட்டு இடம் பெயர்வதும் ஒரே வேரில் கிளைத்திருப்பது வியப்புக்குரியது. ‘லோகம்’ என்னும் வடசொல் ஒலியால் இதனை ஒத்திருப்பினும் அதன் வேர் வேறு.

மும்பையில் லோக்கல்

இந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணே வரை ஏறத்தாழ 34 கிலோமீட்டர் ஓடியது. 1925இல் பம்பாய்க்கும் குர்லாவுக்கும் இடையே மின்தொடர்வண்டி வந்தது. நெடுந்தொலைவு வண்டிகளிலிருந்து வேறுபடுத்த, நகரையும் புறநகரையும் இணைக்கும் வண்டிகள் ‘லோக்கல் டிரெயின்’ எனப்பட்டன. நாளடைவில் ‘டிரெயின்’ உதிர, ‘லோக்கல்’ மட்டும் நின்றது. பெயருக்கு அடையாக இருந்த சொல் தானே பெயராயிற்று. தாணே–வாஷி வழித்தடத்தில் 2004இல் சேவை தொடங்கியபின் ஐரோலி மக்களுக்கும் அது அன்றாடச் சொல்லாகிவிட்டது.

வேறு பல நகரங்களில் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டியே ‘லோக்கல்’. சில நிலையங்களில் மட்டும் நிற்பது ‘எக்ஸ்பிரஸ்’. மும்பையிலோ ‘ஃபாஸ்ட் லோக்கல்’ என்றே ஒரு வண்டி உண்டு. அங்கே இச்சொல் நிற்கும் முறையைக் குறிக்காமல் வண்டியையே குறிப்பதால் முரண் தோன்றுவதில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் தொடங்கிய இத்தகைய சேவையை அவ்வூர் மக்கள் ‘மின்சார ரயில்’ என வழங்குகின்றனர்.

தமிழ்நாட்டில் லோக்கல்

ஐரோலி மாணவி ஒருத்தி கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் செல்கிறாள் எனக் கொள்வோம். “நாங்க எப்பவும் லோக்கல்லதான் போவோம், தாத்தா” என்கிறாள் அவள். “ஏன், அங்க நல்ல வண்டி கிடையாதா?” என்று தாத்தா கேட்கிறார். இருவரும் பிழையாகப் பேசவில்லை. அவள் வண்டியின் பெயரைச் சொன்னாள். அவர் தரத்தைப் பற்றிக் கேட்டார்.

தமிழ்நாட்டுப் பேச்சில் ‘லோக்கல் சாமான்’ என்றால் தரங்குறைந்த பொருள். பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையின்றி அருகிலேயே செய்யப்பட்டது என்னும் பொருள், மெல்லத் ‘தாழ்ந்தது’ என்னும் பொருளாகத் திரிந்தது. பின்னர் அது மனிதர்மேலும் ஏறியது. ‘அவன் ரொம்ப லோக்கல்’ என்பவர் ஒருவருடைய பேச்சையும் உடையையும் அவர் வாழும் தெருவையும் ஒரே சொல்லால் தாழ்த்துகிறார்.

ஆனால், ‘இவ்விடத்தைச் சார்ந்தது’ என்னும் பொருளுக்கு இழிவு இயல்பானதன்று. தமிழில் ‘நாட்டு’ என்னும் அடைச்சொல் இதே பொருளைத் தரும். வெளியிலிருந்து வந்தது ‘சீமை’. உள்ளூரில் விளைந்தது ‘நாட்டு’. சீமை ஓடு வந்தபின் பழைய ஓடு நாட்டு ஓடு ஆயிற்று. இன்றோ நாட்டுக்கோழி முட்டையையும் நாட்டுச் சர்க்கரையையும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். பொருள் ஒன்றாயிருக்க, ‘நாட்டு’ உயர்ந்தது, ‘லோக்கல்’ தாழ்ந்தது. ஆகவே, உயர்வும் தாழ்வும் சொல்லில் இல்லை. அதை ஆள்வோரின் மனத்தில் உள்ளன.

யார் உள்ளூரார்?

‘ஓர் ஊரைச் சார்ந்தவர்’ என்பதை மராத்தியில் ‘ஸ்தானிக்’ என்பர். தாணேக் கழியை நம்பி வாழ்ந்த கோளி, ஆக்ரி மக்கள் ஐரோலிப் பகுதியின் தொல்குடியினர். 1970இல் சிட்கோ நிறுவனம் அமைக்கப்பட்டு நவி மும்பை உருவானபின் பல மாநிலத்தாரும் இங்குக் குடியேறினர். அவர்களுள் தமிழரும் அடங்குவர். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை ஊருக்குப் போனால் ‘பம்பாய்க்காரர்’. இங்கே சிலருக்கு ‘மதராசி’. ஆயினும் ஓர் இடத்தைச் சார்தல் பிறப்பால் மட்டும் அமைவதன்று. அவ்விடத்தின் மொழியை அறிதலாலும், அதன் மக்களை மதித்தலாலும், அதன் நலனுக்கு உழைத்தலாலும் அமைவது. ஒருவர் இரண்டு ஊர்களைச் சார்ந்திருக்கவும் இச்சொல்லின் பொருள் இடந்தருகிறது.

தமிழில் எழுதும்போது

‘லோக்கல்’ என்பதற்கு எல்லா இடத்தும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல் இல்லை. இடமறிந்து சொல் தேர்தல் வேண்டும்.

லோக்கல் டிரெயின் – புறநகர்த் தொடர்வண்டி
லோக்கல் ஹாலிடே – உள்ளூர் விடுமுறை
லோக்கல் பாடி – உள்ளாட்சி அமைப்பு (சான்று: நவி மும்பை மாநகராட்சி)
லோக்கல் டைம் – உள்ளூர் நேரம்
லோக்கல் அனஸ்தீசியா – குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தல்
லோக்கல் சாமான் – தரங்குறைந்த பொருள்

இறுதியாக உள்ள பொருளைச் சொல்ல வேண்டின், ‘தரங்குறைந்த’ என்றே எழுதுக. ஓர் ஊரின் பெயரால் குறை கூறுதல் வேண்டா.

பயிற்சி

அ. பொருளறிந்து தமிழில் எழுதுக.
1. எட்டு மணி லோக்கலில் கூட்டம் மிகுதி.
2. லோக்கல் பாடி தேர்தல் அறிவிக்கப்பட்டது.
3. அவர் லோக்கல் ஆள்; அவரிடம் வழி கேள். (இத்தொடரில் இழிவுப் பொருள் உண்டா? காரணம் தருக.)

ஆ. ‘நாட்டு’, ‘சீமை’ என்னும் அடைகளைப் பெற்ற சொற்கள் நான்கினை வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு எழுதுக.

இ. ‘நான் எந்த ஊரைச் சார்ந்தவர்?’ என்னும் தலைப்பில் எட்டு வரிகளில் எழுதுக.