வெளியே நிற்பவரின் மீட்பு



திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்னும் வாக்கியம் பதினேழு நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கரிடையே வழங்கி வருகிறது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்பிரியான். இன்றைய துனிசியாவில் இருந்த அந்த நகரத்துச் சபை, 250-இல் உரோமைப் பேரரசன் தேசியுஸ் தொடங்கிய துன்புறுத்தலால் சிதறிக்கிடந்தது. உயிருக்கு அஞ்சி விசுவாசத்தை மறுத்தவர்களை மறுபடியும் சேர்க்கலாமா என்ற சண்டையில் சிலர் பிரிந்து போட்டிச் சபை நடத்தினார்கள். 256-இல் சிப்பிரியான் எழுதிய கடிதம் ஒன்றில் இந்தக் கருத்து வருகிறது. வீட்டுக்குள் இருந்துவிட்டு முறித்துக்கொண்டு போனவர்களைப் பற்றியே அவர் எழுதினார். கிறிஸ்துவின் பெயரையே கேட்டறியாத ஒருவரின் கதி என்ன என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வியே இல்லை.

அந்தக் கடிதம் எழுந்த வழக்கிலேயே சிப்பிரியான் தோற்றார் என்பது பலர் கவனிக்காத செய்தி. பிரிந்துபோனவர்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்பது அவர் வாதம். செல்லும் என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். பின்னாளில் திருச்சபை ஸ்தேவான் பக்கமே நின்றது. வழக்கு மறந்துபோக, வாக்கியம் மட்டும் நிலைத்துவிட்டது.

சிப்பிரியானுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, மறைசாட்சி யுஸ்தின் வேறு தொனியில் பேசியிருந்தார். இறைவாக்கின் விதை எல்லா மனிதரிடமும் தூவப்பட்டிருக்கிறது என்றும், அதன்படி வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே கொள்ளலாம் என்றும் அவர் எழுதினார். இந்த இரண்டு குரலும் திருச்சபைக்குள் பிறகு எந்தக் காலத்திலும் ஓயவில்லை.

உரோமைப் பேரரசு கிறிஸ்தவ அரசானதும் வாக்கியத்தின் இலக்கு மாறியது. நற்செய்தி உலகம் முழுதும் எட்டிவிட்டது, இன்னும் ஏற்காதவர் வேண்டுமென்றே மறுப்பவர் என்று இடைக்கால ஐரோப்பா நம்பியது. திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸ் 1302-இல் பிரான்சு மன்னனோடு மோதிய வேளையில், மீட்படையத் திருத்தந்தைக்குப் பணிந்திருப்பது எவருக்கும் தேவை என்று அறிக்கையிட்டார். 1442-இல் புளோரன்சு பொதுச்சங்கம் இன்னும் கடுமையாகச் சொன்னது: பிற சமயத்தார், யூதர், தப்பறைக்காரர், பிரிவினையாளர் எவரும் சாகுமுன் திருச்சபையில் சேராவிட்டால் அவர்களுக்கு நித்திய நெருப்புதான். இந்தப் பத்தியை மென்மையாக்கிக் காட்ட இன்று சிலர் முயல்கிறார்கள். எழுதியவர்கள் சொன்னதைச் சொன்னபடியே கருதினார்கள் என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

ஆனால் அதே இடைக்காலத்தில் ஒரு சன்னலும் திறந்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், காட்டில் விலங்குகளிடையே வளர்ந்த ஒருவனைக் கற்பனை செய்தார். அவன் தன் அறிவு காட்டிய நன்மையை நாடித் தீமையை விலக்கினால், கடவுள் உள்ளுணர்த்தலால் அவனுக்கு விசுவாசத்தை வெளிப்படுத்துவார், அல்லது விவிலியத்தில் யூதரல்லாத கொர்னேலியுவிடம் பேதுருவை அனுப்பியதுபோல் ஒரு போதகரை அனுப்புவார் என்றார். திருமுழுக்கு பெற விரும்பியும் அதற்குள் இறந்துபோனவரை அந்த விருப்பமே மீட்கும் என்ற விருப்பத் திருமுழுக்குக் கொள்கையும் அப்போது வேரூன்றியிருந்தது. திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் திருமுழுக்கு அல்லது அதன்மீதான விருப்பம் என்று சொல்லி இதை உறுதி செய்தது.

புளோரன்சு ஆணைக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்துக் கொலம்பஸ் கரை இறங்கியபோது காட்டு மனிதன் கற்பனையாக இருக்கவில்லை. நற்செய்தியைக் கேட்கவே வாய்ப்பில்லாத மக்கள் ஒரு கண்டம் நிறைய இருந்தார்கள். கேளாததை ஏற்கவில்லை என்று ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சாலமாங்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா வாதிட்டார்.

வகுப்பறையில் எழுந்த அந்தக் கேள்வி ஜப்பானில் கண்ணீரோடு கேட்கப்பட்டது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்த பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் ககோஷிமா சென்றார். அங்கே திருமுழுக்குப் பெற்றவர்கள், இறந்துபோன தங்கள் பெற்றோரும் மூதாதையரும் என்ன ஆனார்கள், நரகத்திலிருந்து அவர்களை மீட்க வழியுண்டா என்று கேட்டார்கள். வழியில்லை என்றார் சவேரியார், அவர்கள் அழுதார்கள். அந்த அழுகை தம்மையும் வருத்தியதாக 1552 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே சொல்கிறார். இத்தனை காலம் கடவுள் ஜப்பானியருக்குத் தம்மை ஏன் மறைத்தார் என்றும் கேட்டார்கள். கொலையும் களவும் தீது என்பது மலையில் தனியே வளர்ந்தவனுக்கும் தெரியும், அந்தச் சட்டம் முன்பே உங்கள் உள்ளத்தில் இருந்தது என்று பதில் சொன்னார். இந்தப் பதிலைக் கடைசிவரை நீட்டியிருந்தால் முதல் பதில் தளர்ந்திருக்கும். அவர் நீட்டவில்லை.

1713-இல் திருத்தந்தை பதினொன்றாம் கிளமெந்து, திருச்சபைக்கு வெளியே அருளே கிடைக்காது என்ற யான்சேனியர் என்ற கடுமைவாதக் கத்தோலிக்கக் குழுவின் கூற்றைக் கண்டித்தார். மீட்பு வேறு, அருள் வேறு என்ற நுட்பமான கோடு இது. 1863-இல் ஒன்பதாம் பயஸ், தம் குற்றமின்றி உண்மைச் சமயத்தை அறியாதவர்கள், உள்ளத்தில் எழுதிய சட்டத்தின்படி நேர்மையாக வாழ்ந்தால், கடவுளின் ஒளியாலும் அருளாலும் நிலைவாழ்வு அடையலாம் என்று எழுதினார். அதே மடலில் பழைய வாக்கியத்தையும் விடாமல் சொன்னார்.

இரண்டையும் சேர்த்துச் சொல்வதை ஏற்க மறுத்தவர் லெனர்ட் பீனி என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருகே மாணவர்களுக்கான மையம் ஒன்றில் போதித்த அவர், தண்ணீரால் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர் தவிர யாருக்கும் மீட்பில்லை என்றார். 1949 ஆகஸ்டு 8 அன்று விசுவாசக் கோட்பாட்டைக் காக்கும் பொறுப்பிலிருந்த உரோமைத் திரு அலுவலகம் பாஸ்டன் பேராயர் குஷிங்குக்குப் பதில் எழுதியது. திருச்சபையில் சேரும் விருப்பம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடவுளின் சித்தப்படி நடக்க விரும்பும் நல்ல மனநிலைக்குள்ளேயே அது அடங்கியிருக்கலாம், அதை அன்பும் விசுவாசமும் இயக்க வேண்டும் என்றது அந்தக் கடிதம். பீனி பணியவில்லை. உரோமைக்கு வரச் சொன்னபோதும் போகாததால், 1953-இல் கீழ்ப்படியாமைக்காகத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். வெளியே மீட்பில்லை என்றவரே வெளியே நிற்க நேர்ந்தது. 1972-இல் அவரோடு ஒப்புரவு ஏற்பட்டது.

பாஸ்டனுக்குப் போன அந்தக் கடிதம் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்க ஏட்டின் அடிக்குறிப்பில் ஏறியது. 1964 நவம்பர் 21 அன்று வெளியான, திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 16-ஆம் பத்தி யூதர், இஸ்லாமியர், நிழல்களிலும் உருவங்களிலும் அறியாத கடவுளைத் தேடுவோர், கடவுளைத் தெளிவாக இன்னும் அறியாமல் நேர்மையாய் வாழ முயல்வோர் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பேசுகிறது. எல்லாருக்கும் மீட்பு உறுதி என்று அது சொல்லவில்லை. யாருக்கும் கதவு அடைபடவில்லை என்கிறது. எவர் எப்படி மீட்கப்பட்டாலும் அது கிறிஸ்துவின் வழியாகவே என்பதில் சங்கத்துக்கு ஐயமில்லை.

அந்த 'எப்படி' என்பதுதான் இன்றைய விவாதம். இறையியலர் கார்ல் ரானர், அறியாமலே அருளை ஏற்று வாழ்பவரைப் பெயரில்லாக் கிறிஸ்தவர் என்றார். அப்படியானால் மறைசாட்சிகள் எதற்காக இரத்தம் சிந்தினார்கள் என்று மற்றோர் இறையியலர் ஹான்ஸ் உர்ஸ் பான் பல்தசார் 1966-இல் திருப்பிக் கேட்டார். கேட்காமலே தமக்கு ஒரு பெயர் சூட்டப்படுவதைப் பிற சமயத்தார் விரும்பவில்லை என்பதும் நியாயமே. 1948 முதல் 1984 வரை இந்தியாவில் வாழ்ந்த பெல்ஜியக் குரு ஜாக் துப்பியி, பிற சமயங்களே கடவுளின் திட்டத்தில் இடம் பெற்றவை என்னும் அளவுக்குச் சென்றார். அவர் நூலில் தெளிவின்மை உண்டு என்று வத்திக்கான் 2001-இல் எச்சரித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான வத்திக்கான் ஆவணம், பிற சமயத்தாருக்கு அருள் கிடைக்கும், ஆனாலும் திருச்சபையில் உள்ள நிறைவோடு ஒப்பிட்டால் அவர்கள் நிலை குறைபாடுடையது என்று வரையறுத்திருந்தது.

16-ஆம் பத்தியைப் படிப்பவர் இரண்டு பத்தி முன்னே போய் 14-ஐயும் படிக்க வேண்டும். திருச்சபைக்குள் இருந்தும் அன்பில் நிலைக்காமல், உள்ளத்தால் அன்றி உடலால் மட்டும் இருப்பவனுக்கு மீட்பு இல்லை என்று அங்கே இருக்கிறது.