கனவும் கண்ணாடியும்

கனவை நாம் தள்ளுவதில்லை. கொல்லம் 1016 கார்த்திகை 27-இல் அரிகோபாலன் சீடரைத் துயிலில் எழுப்பி நாராயணர் அருளியதே அகிலத்திரட்டு அம்மானை என்பது நம் நம்பிக்கை. அதற்காக நாம் காணும் கனவெல்லாம் ஆகமம் ஆகிவிடாது.

விழித்ததும் உடனே எழும்பாமல், அய்யாவை நினைத்து, கண்டதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். குறி கேட்கவோ மந்திரவாதியைத் தேடவோ போகாதீர்கள். அது அய்யா விலக்கிய வழி.

வரப்புத் தகராறில் நான் என் அண்ணனோடு மூன்று வருடம் பேசவில்லை. ஒருநாள் கனவில் அவர் நனைந்த துணியோடு என் வாசலில் நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு ஏதோ கேடு என்று பயந்துபோனேன். காலையில் தாங்கலில் உகப்படிப்பு முடிந்து பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றபோதுதான் விளங்கியது. கனவு சொன்னது கதவைத் திறக்காத என்னைப் பற்றி. அன்றே அவர் வீட்டுக்குப் போனேன்.

நம்மைத் திருத்தும் கனவை ஏற்போம். பயமுறுத்தும் கனவையும், அடுத்தவர்மேல் பழிபோடத் தூண்டும் கனவையும் அய்யா பாதத்தில் விட்டுவிடுவோம்.

அய்யா உண்டு.