பொய்க் காசுக்கு எதற்கு இத்தனை விதி?

கணினியில் நடத்தும் ஐஸ் ஹாக்கி லீக்கில் இருபது, முப்பது பேர் ஆளுக்கொரு அணியை எடுத்துக்கொண்டு மேலாளர் ஆகிறார்கள். பனித்தரையில் நடப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, எவருக்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் மேலாளர் பாடு. புதிதாக வருபவர்கள் முதலில் முகம் சுளிப்பது ஒப்பந்த விதிகளைப் பார்த்துத்தான். ஒரு காசுகூடக் கைமாறாத இடத்தில் சம்பள உச்சவரம்பு எதற்கு, பாதியில் ஆளை விலக்கினால் தண்டம் எதற்கு, நிஜ என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) போலத் தோன்ற ஒட்டிவைத்த அலங்காரம்தானே என்பது அவர்கள் எண்ணம். பழைய உறுப்பினர்கள் பலரும் உள்ளூர அப்படித்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையிலிருந்துதான் மற்ற தவறுகளெல்லாம் கிளைக்கின்றன. காசு கற்பனையாக இருக்கலாம், ஆனால் இடம் அளவானது. எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு என்றால், ஒரு கோல்கீப்பருக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகை ஒரு தடுப்பாட்டக்காரருக்கு இல்லாமல் போகிறது. அந்த இழப்பு மென்பொருளின் ஆட்ட முடிவில் அப்படியே தெரியும்.

சைமன்-டி ஹாக்கி சிமுலேட்டர் போன்ற மென்பொருளில் ஓர் ஆட்டக்காரர் என்பவர் ஒரு வரிசை எண்கள்: சறுக்கும் திறன், பாஸ் கொடுக்கும் திறன், கோல் அடிக்கும் திறன், தாக்குப்பிடிக்கும் தெம்பு. அவற்றோடு சம்பளம் ஓர் எண், ஒப்பந்தத்தில் மீதமுள்ள ஆண்டு இன்னோர் எண். இந்த ஆட்டக்காரருக்கு வாய் கிடையாது. முதுமையை நினைத்துப் பயப்பட மாட்டார், குடும்பத்தை இன்னொரு ஊருக்கு மாற்ற யோசிக்க மாட்டார், குறைந்த சம்பளம் என்று முறுக்கிக்கொள்ளவும் மாட்டார். என்.எச்.எல். விதிகள் பிறந்த இடமோ நேர்மாறானது. 2004-05 சீசன் முழுவதும் ரத்தாகும் அளவுக்கு அணி உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் மோதிய பிறகுதான், 2005-06-ல் 3.9 கோடி டாலர் என்ற முதல் உச்சவரம்பு வந்தது. அதன் ஒவ்வொரு ஷரத்திலும் ஒரு தரப்பு விட்டுக்கொடுத்ததும் மறு தரப்பு பெற்றதும் இருக்கின்றன. கணினி லீக் அந்த ஷரத்துகளை எடுத்துக்கொள்கிறது; எதிரே உட்கார்ந்து பேரம் பேசிய ஆளை விட்டுவிடுகிறது. அந்த ஆள் செய்திருக்க வேண்டியதை விதிதான் செய்ய வேண்டும் என்பது என் வாதம். பாதி விதியை நகலெடுத்தால் மீதிப் பாதி ஓட்டையாக நிற்கும்.

ஒரு வீரர் இந்த ஆண்டு வாங்கும் பணமே இந்த ஆண்டின் உச்சவரம்புக் கணக்கில் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரிதான் கணக்கில் ஏறும். 2018-ல் ஜான் டவாரெஸ் டொராண்டோ அணியுடன் 7 ஆண்டுகளுக்கு 7.7 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். முதல் ஆண்டு அவர் கைக்கு வந்தது 1.59 கோடி; கணக்கில் ஏறியது 1.1 கோடி. இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்துச் செல்வது ‘நீண்ட ஒப்பந்தம் எப்போதும் அணிக்கு லாபம்’ என்ற நம்பிக்கைக்கு. சராசரிதான் கணக்கு என்றால், கடைசியில் மலிவான ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரியை இறக்கிவிடலாமே! நிஜத்திலும் ஓர் அணி இதைச் செய்து பார்த்தது. 2010-ல் நியூஜெர்சி டெவில்ஸ் அணி இலியா கொவல்ச்சுக்குக்கு 17 ஆண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் எழுதியது. அதில் 9.85 கோடி முதல் 11 ஆண்டுகளுக்கு. கடைசி 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு வெறும் 5.5 லட்சம். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 44 ஆகியிருக்கும். முதல் 11 ஆண்டுகளின் சராசரி கிட்டத்தட்ட 90 லட்சம், உச்சவரம்பில் ஏறுவதோ 60 லட்சம். யாரும் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த ஆண்டுகளை வைத்து வாங்கிய தள்ளுபடி அது. லீக் மறுத்தது, மத்தியஸ்தர் ரிச்சர்ட் பிளாக் லீக் பக்கம் தீர்ப்பளித்தார். பிறகு 15 ஆண்டு, 10 கோடி என்று திருத்தி எழுதியும் அணிக்கு 30 லட்சம் அபராதம் விழுந்தது, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளைப் பறிக்கும் தண்டனையும் சேர்ந்தது. 2013-ல் லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே வந்த புதிய உடன்பாடு ஆண்டு வரம்பை வைத்தது: சொந்த ஆட்டக்காரருக்கு 8, வெளியிலிருந்து வருபவருக்கு 7. அடுத்த உடன்பாட்டில், 2026 செப்டம்பர் முதல், அது 7, 6 எனக் குறைகிறது. மிக உயர்ந்த ஆண்டுச் சம்பளத்தின் பாதிக்குக் கீழே எந்த ஆண்டும் இறங்கக் கூடாது என்றும் 2013-லேயே கட்டுப்பாடு வந்தது. சராசரிக் கணக்கும் இந்த வரம்புகளும் ஒரே விதியின் இரண்டு கைகள். முதல் கையை மட்டும் நகலெடுத்த கணினி லீக், தன் மேலாளர்கள் அனைவருக்கும் கொவல்ச்சுக் ஒப்பந்தத்தைத் திறந்துவிடுகிறது. நிஜத்தில் அதை எழுத ஓர் ஆட்டக்காரரின் சம்மதமாவது வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் சுமையாகிவிட்டால் பை-அவுட் செய்தால், அதாவது ஒரு பங்கைக் கொடுத்து ஆளைப் பாதியில் விலக்கினால், தீர்ந்தது என்ற நம்பிக்கையும் வலுவானது. நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 2006-ல் கோல்கீப்பர் ரிக் டிபியெட்ரோவுடன் 15 ஆண்டுகளுக்கு 6.75 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 45 லட்சம். காயங்கள் அவரை விடவில்லை. 2013-ல் அணி அவரை விலக்கியபோது மீதம் 8 ஆண்டு, 3.6 கோடி. விதிப்படி அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2.4 கோடியை, மீதமுள்ள காலத்தின் இரண்டு மடங்கில் கொடுக்க வேண்டும். 16 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 15 லட்சம். கடைசித் தவணை 2029-ல். புதிய உடன்பாட்டையொட்டி ஒவ்வோர் அணிக்கும் கிடைத்த சிறப்புச் சலுகையால் இந்தத் தொகை உச்சவரம்பில் ஏறவில்லை, உரிமையாளரின் பையிலிருந்துதான் போகிறது. வழக்கமான பை-அவுட்டாக இருந்தால் 16 ஆண்டும் 15 லட்சம் கணக்கில் உட்கார்ந்திருக்கும். கணினி லீக்கில் உரிமையாளரின் பை என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. அங்கே உச்சவரம்பில் ஏறாத பை-அவுட் என்றால் தண்டனையே இல்லாத பை-அவுட். ஒருமுறை, விசேஷமான சூழலில், வரம்பு வைத்துக் கொடுத்த சலுகையை ஆண்டுதோறும் திறந்துவைக்கும் லீக்கில் எவரும் ஒப்பந்தம் எழுதுமுன் யோசிக்க மாட்டார்கள்.

நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவரைச் சேர்த்தால் அவர் சம்பளம் கணக்கிலிருந்து மறைந்துவிடும் என்பதும் பிழைதான். சம்பளம் கணக்கிலேயே இருக்கிறது; மாற்று ஆளை எடுக்க, அந்த அளவுக்குள் உச்சவரம்பைத் தாண்ட அனுமதி மட்டுமே கிடைக்கிறது. உச்சவரம்புக்கு 30 லட்சம் கீழே இருக்கும் அணியில் 80 லட்சம் சம்பளக்காரர் சீசன் முடியும்வரை ஆட முடியாதபடி காயமடைந்தால், அந்த 30 லட்சம் தீர்ந்த பிறகு 50 லட்சம் வரைதான் தாண்ட முடியும். காயமடைந்தவரின் தொகையை அப்படியே கழித்துவிடும் லீக்கில் அணிக்கு 30 லட்சம் சும்மா கிடைக்கிறது. இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு: என்.எச்.எல்.லே இந்த ஓட்டையை விட்டுவைத்ததே? உண்மை. 2020-21-ல் இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நிகிதா குச்செரோவ் லீக் சுற்று முழுவதும் ஆடவில்லை. உச்சவரம்பே இல்லாத பிளே-ஆஃப் சுற்றில் திரும்பி, 32 புள்ளிகளோடு அனைவரையும் முந்த, அவருடைய டாம்பா பே அணி கோப்பையை வென்றது. அணி எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் 2025-26 முதல் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கும் சம்பளக் கணக்கு வந்துவிட்டது. பழைய விதிநூலை வைத்துக்கொண்டு ‘நிஜத்திலும் அப்படித்தான்’ என்று வாதிடுவோர், நிஜம் திருந்தியதைக் கவனிக்க வேண்டும்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் தானே ஓர் ஆட்டக்காரரை உருவாக்கி வளர்க்கும் லீக்குகளும் உண்டு. அங்கே ஆட்டக்காரருக்கு வாய் இருக்கிறதே, குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வது அவர் உரிமை இல்லையா என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரி. நிஜ வீரர் 20 லட்சத்தை விட்டுக்கொடுத்தால் அது அவர் குடும்பத்திலிருந்து போகிறது. கற்பனை வீரரை ஆட்டுவிப்பவர் விட்டுக்கொடுப்பதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. நண்பர்களோடு கோப்பை வெல்லும் மகிழ்ச்சிதான் மிச்சம். ஆறு நண்பர்கள் அடிமட்டச் சம்பளத்தில் ஒரே அணியில் சேர்ந்தால் உச்சவரம்பு பெயருக்குத்தான். அதனால் திறன் நிலைக்கேற்பக் குறைந்தபட்சச் சம்பளம் வைப்பதைத் தலையீடு என்று சொல்ல முடியாது. என்.எச்.எல்.லில் அப்படியொரு படிநிலை கிடையாது, தேவையும் இல்லை. அங்கே வீரரின் சுயநலமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இவ்வளவையும் லீக்கை நடத்தும் கமிஷனர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எப்படிக் கட்டிமேய்ப்பது என்பதுதான் இருப்பதிலேயே கனமான ஆட்சேபம். அதற்கு என் பதில், விதிகளை ஜோடியாகக் கைவிடுங்கள் என்பதே. அதிகபட்சம் 4 ஆண்டு, எல்லா ஆண்டும் ஒரே சம்பளம் என்று வைத்துவிட்டால் சராசரிக் கணக்கு வேண்டாம், ஏற்ற இறக்க வரம்பும் வேண்டாம். அந்தச் சிறிய விதிநூல் முழுமையானது, பாதி நகலெடுத்த பெரிய விதிநூலைவிட நேர்மையானது. மாற்றத்தை எந்த நாளிலிருந்து அமலாக்குவது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். வான்கூவர் அணி 2009-ல் கோல்கீப்பர் ராபர்டோ லுவாங்கோவுடன் 12 ஆண்டு, 6.4 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தபோது லீக் அதைப் பதிவு செய்துகொண்டது. வீரர் முன்கூட்டி ஓய்வு பெற்றால் அணி அனுபவித்த தள்ளுபடியைத் திரும்ப வசூலிக்கும் விதி 2013-ல்தான் வந்தது, பழைய ஒப்பந்தங்களுக்கும் பாய்ந்தது. 2014-ல் அவரை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்துவிட்ட வான்கூவர், 2019-ல் அவர் ஓய்வு பெற்றதும் 3 சீசன்களுக்கு ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் டாலர் இடத்தை இழந்தது. வசூலிக்கும் விதியின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. லீக்கே முத்திரை குத்திய ஒப்பந்தத்துக்குப் பின்னால் வந்த விதியால் தண்டனை கொடுத்ததுதான் தவறு. பெரிய லீக்கில் அணி அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த சீசன் ஆடும். கணினி லீக்கில் அந்த மேலாளர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், அவருடைய அணிக்கு ஆள் தேடி கமிஷனர் அலைய வேண்டியிருக்கும்.