சூளை இல்லாமல் பூ வைக்காதீர்கள்

போரோசிலிகேட் கண்ணாடிக்குள் நிறக் கண்ணாடியால் பூ வைக்க எனக்குச் சொல்லித் தந்தவர், அந்தப் பூ நிலைப்பதற்கான வழியைச் சொல்லவில்லை. "பீக்கர் செய்கிற கண்ணாடி, எதையும் தாங்கும். கடைசியில் தீயில் காட்டி ஆறவிட்டால் போதும்" என்றார். அதை நம்பி ஒரு கல்யாண வீட்டுக்குப் பெண்டன்ட்கள் செய்து கொடுத்தேன். சில வாரங்களில் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுத் திரும்பி வந்தன. வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. இந்தக் கண்ணாடி சூட்டில் விரிவது ஜன்னல் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மெல்லிய பீக்கர் தாங்கும். கட்டியான பெண்டன்டில் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கப் பார்க்கும். அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். தீயில் காட்டுவதால் அது போகாது. 565 டிகிரி செல்சியஸ் சூளையில் ஒரு மணி நேரம் வைத்து, 500-க்குக் கீழே வரும்வரை மெல்ல இறக்க வேண்டும். இழுவிசை இருக்கிறதா என்று பார்க்க, எல்சிடி திரையில் வெள்ளை வெளிச்சம் வைத்து, அதன்முன் பெண்டன்டைப் பிடியுங்கள். ஒரு போலரைசிங் தாளைத் திரை இருளும்வரை திருப்பி, அதன் வழியாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் பளிச்சென்று திட்டுகள் தெரிந்தால் விற்காதீர்கள்.

மற்றவை கைப்பழக்கம். கண்ணாடிக் கம்பியான ராடின் நுனியை உருக்கித் தட்டாக்குங்கள். முகப்பில் வட்டமாக நிறப்புள்ளிகள் வையுங்கள். விளிம்பை மட்டும் சுட்டால் அது உள்நோக்கிச் சுருளும், புள்ளிகள் இதழ்களாக உள்ளே இறங்கும். அவசரப்பட்டு நடுவைச் சுட்டால் இதழ்கள் கலங்கிவிடும். பிறகு நிறப்பக்கத்தில் வேறு ராடை ஒட்டி, பழைய ராடைப் பிரித்து அது இருந்த பக்கத்தைக் குவித்தால், அதுவே லென்ஸாகிப் பூவைப் பெரிதாகக் காட்டும். மணி செய்கிற சாதாரணக் கண்ணாடியின் நிற ராடுகளை இதில் கலக்காதீர்கள்; விரிவு மூன்று மடங்குக்கு மேல், உடைந்தே தீரும். கண்ணாடியின் மேல் வெள்ளி ஆவி படியவைப்பதானால், அந்தப் புகையை வெளியேற்றப் புகைபோக்கி ஓடட்டும்.

நிற ராடுகளில் காசைக் கொட்டும் முன் சூளை வாங்குங்கள். நான் நிறங்களைத் தள்ளிப்போட்டுச் சூளை வாங்கியபோது சிரித்தவர்கள் உண்டு. அதன்பின் கொடுத்த பொருள் எதுவும் திரும்பி வரவில்லை. கற்றுத்தருகிறவரிடம் முதல் நாளே சூளையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவருக்குக் கட்டணம் கட்டாதீர்கள்.