எந்த சீன் பிடிக்கும் என்று கேள்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கிய சூட்டோடு, படமும் அனிமேயும் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கென்று சாயங்காலம் தனி பேட்ச் தொடங்கப் போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. உன் ஜிம் முதலாளி முகம் சுளித்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் பார்த்தவரை, டாக்டர் சொல்லி ஜிம்முக்கு வந்தவர்களைவிடப் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். 2008இல் 'வாரணம் ஆயிரம்' வந்த பிறகு, 'சிக்ஸ் பேக்' என்பது டீக்கடையில்கூடப் புழங்குகிற சொல்லாகிவிட்டது. அந்த ஆசையைக் கேலி செய்து திருப்பி அனுப்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆனால், பையன் செல்போனில் ஒரு ஸ்டில்லைக் காட்டி "மாஸ்டர், இந்த மாதிரி ஆகணும்" என்றதும் நீ எடை மெஷினைத் தேடி ஓடாதே. "இந்தப் படத்துல உனக்கு எந்த சீன் ரொம்பப் பிடிக்கும்?" என்று முதலில் கேள். ஸ்டில்லில் இருப்பது உடம்பு. சீனில் இருப்பது அந்த உடம்பு செய்கிற வேலை. உன்னால் சொல்லிக்கொடுக்க முடிந்தது வேலையை மட்டும்தான். உடம்பு அதன் பின்னால் தன் வேகத்தில், தன் மரபுக்கு ஏற்றபடி வரும்.

'சார்பட்டா பரம்பரை'யையே எடுத்துக்கொள். 2021இல் அது வெளியானபோது ஆர்யாவின் உடம்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆனால் பிள்ளைகள் நடித்துக்காட்டியது யாரை? டான்ஸிங் ரோஸை. ஷபீர் கல்லரக்கல் செய்த அந்தப் பாத்திரத்தை யாரும் கட்ஸுக்காக ரசிக்கவில்லை, காலுக்காக ரசித்தார்கள். ஆர்யா நடித்த கபிலன் அவனை வீழ்த்திவிட்டான், ஆனாலும் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஆடிப் பார்த்ததெல்லாம் ரோஸின் ஆட்டத்தைத்தான். அந்த ஆட்டத்தில் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதின் சாயல் உண்டு. கதை நடப்பது எழுபதுகளின் வடசென்னையில், ஹமீது உலகப் பட்டம் வென்றது 1995இல். காலக்கணக்கு உதைக்கிறது என்று யாராவது வாதிட்டால் சிரித்துவிட்டு விடு, நமக்கு வேண்டியது வேறு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹமீதைச் சிறுவயதிலிருந்து வளர்த்த பிரெண்டன் இங்கிள், தன் பயிற்சிக்கூடத் தரையில் கோடுகள் வரைந்து வைத்திருந்தார். பிள்ளைகள் அந்தக் கோடுகளின் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து நகர்ந்துதான் காலைப் பழக்கினார்கள். வித்தைபோலத் தெரிகிற ஒன்றுக்கு அடியில் இருந்தது தரையில் போட்ட கோடு.

நீயும் அதையே செய். டேப் ஒட்டிக் கோடு போடு. இடப்பக்கம் போக இடது கால் முதலில், வலப்பக்கம் போக வலது கால் முதலில். கால்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டக் கூடாது, பாதங்கள் ஒட்டவும் கூடாது. பத்து நிமிடம் ஒழுங்காகச் செய்யச் சொல், கெண்டைக்கால் எரியும். அதன் பிறகு ஸ்கிப்பிங். குத்துச்சண்டை ரவுண்டு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. அந்தக் கணக்கில்தான் போக வேண்டும் என்று பையன்கள் அடம்பிடிப்பார்கள். விடாதே. முதல் சில வாரங்களுக்கு அரை நிமிடம் தாண்டு, அரை நிமிடம் நில். துள்ளல் தரையிலிருந்து கொஞ்சம்தான் எழவேண்டும், கயிறு சுற்றுவது மணிக்கட்டில், இறங்குவது முன்பாதத்தில். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால் அன்றைக்கே அவன் கயிற்றை வாங்கி வைத்துவிடு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்: ரோஸ்போலக் கையைத் தொங்கப்போட்டு ஆடுவதை. அது அடியின் தூரத்தைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவனுக்கு உரிய திமிர். புதியவனுக்கு மூக்கு உடையும்.

அனிமே கூட்டத்தை எடுத்துக்கொண்டால், அவர்கள் 'ஒன் பஞ்ச் மேன்' சைதாமாவின் கணக்கோடு வருவார்கள். தினமும் நூறு தண்டால், நூறு சிட்-அப், நூறு பஸ்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்று வருடம் அப்படிச் செய்து தலைமுடி கொட்டிப்போய் உலகத்திலேயே பலசாலி ஆனேன் என்பான் அவன். 'இது சாதாரண உடற்பயிற்சிதானே' என்று அவன் சிஷ்யன் ஜீனோஸே கோபப்படுவான். கதையின் நகைச்சுவையே அதுதான். பையனுக்கு அந்த நகைச்சுவை புரிந்திருக்கும், இருந்தும் நாளைக்கு முயற்சி செய்து பார்ப்பான். இதுவரை ஓடியே பழகாதவன் வாரத்துக்கு எழுபது கிலோமீட்டர் ஓடினால் முழங்கால் பேசும். அளவுக்கு மீறிய முதல் நாள் பயிற்சியில் தசைநார் சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் உண்டு, அதை லேசாக எண்ணாதே. ஆகவே எண்ணிக்கையில் ஒரு சுழியத்தை அழித்துவிடு. பத்து, பத்து, பத்து, ஒரு கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள். நூறு என்பது அவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது ஒன்று உண்டு: அவன் பயிற்சியில் ரகசியம் எதுவும் கிடையாது.

படங்கள் மறைப்பதையும் நீ சொல்லியாக வேண்டும். பயிற்சிப் பாட்டு ஒன்று வந்தால் நான்கு நிமிடத்தில் பல மாதம் ஓடிவிடுகிறது. அதில் தூக்கம் இல்லை, ஓய்வு நாள் இல்லை, சோறு இல்லை. சட்டை இல்லாத காட்சிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை நடிகர்களே சொல்லியிருக்கிறார்கள். ஹியூ ஜாக்மன் வுல்வரின் காட்சிகளுக்காகவும், ஹென்றி கேவில் 'தி விட்சர்' தொடருக்காகவும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உடம்பை வற்றவைத்ததை வெளிப்படையாகப் பேசினார்கள். தோலுக்கடியில் நீர் குறைந்தால் தசைக்கோடு தெரியும், அவ்வளவுதான். படப்பிடிப்பு முடிந்ததும் அவர்களே அப்படி இருப்பதில்லை. இதை ஒரு பதினாறு வயதுப் பையனிடம் சொல்லிப் பார், அவன் தோளிலிருந்து பெரிய மூட்டை இறங்குவதைக் கண்ணால் பார்ப்பாய். யாராவது தயங்கித் தயங்கி ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதே. இதயம், கல்லீரல், ஹார்மோன் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல், திட்டி விரட்டாதே. நீ விரட்டினால் அவன் போய்ச் சேருகிற இடம் உனக்கே தெரியும்.

மூத்தவர்களிடம் மட்டும் புரூஸ் லீயைக் கொண்டு போ, அவர்களுக்குத்தான் அந்தப் பெயர் இன்னும் சிலிர்க்கும். 1970இல் சரியாக வார்ம்-அப் செய்யாமல் பார்பெல்லைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்கிற பயிற்சியில் அவருக்கு முதுகு போய், மாதக்கணக்கில் கிடந்தார். 'வார்ம்-அப்' வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பெண் பிள்ளைகள் வருவார்களா என்று கேட்டிருந்தாய். 2016இல் வந்த 'இறுதிச்சுற்று' படத்தைப் பற்றிப் பேசு. ரித்திகா சிங் உண்மையிலேயே கிக் பாக்ஸிங் களத்தில் நின்றவர். சண்டை தெரிந்தவரைக் கூட்டிவந்து நடிக்க வைத்தார் சுதா கொங்கரா. அதனால்தான் அந்தக் குத்துகளில் இடுப்பு திரும்புகிறது. ஒரு காட்சியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, பாதம் திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, கடைசியாகக் கை போவதைக் காட்டு. 'எடை குறைக்க' என்று தனி பேட்ச் போட்டு அவர்களை ஓரத்தில் டிரெட்மில்லில் ஏற்றிவிடுகிற வழக்கம் உன்னிடம் வேண்டாம். அதே கோடு, அதே கயிறு.

இன்னொன்று. ரசிகனின் வேகம் ரிலீஸ் தேதியை ஒட்டி ஏறும், ஓரிரு மாதத்தில் இறங்கும். அதற்குள் அவன் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். அன்று எத்தனை தண்டால், எவ்வளவு நேரம் கயிறு என்று அவனே எழுதட்டும். போன மாதத்துப் பக்கத்தைத் தானாகத் திருப்பிப் பார்க்கிறானா என்று கவனி. பார்க்கிறவனிடம் நீ படத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இருக்காது. பார்க்காதவனிடம் மறுபடி சீன் கேள், இந்தமுறை வேறு படமாக இருக்கும்.

கயிறு வாங்கும்போது ஒரே அளவில் வாங்கிவிடாதே. நடுவில் மிதித்து இழுத்தால் கைப்பிடி அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். சிமெண்ட் தரை என்று எழுதியிருந்தாய், ரப்பர் பாய் போடாமல் ஒருவரையும் தாண்ட விடாதே. பெரிய படம் எதுவும் வருகிற வாரமாக இருந்தால் கையில் இருப்பதற்கு மேல் நாலைந்து கயிறு சேர்த்தே வாங்கி வை.

அன்புடன்,
அண்ணன்