வாய்ப்புற்று நீங்கிய பின்னர்

புற்றுநோய்க்கு எங்கே வைத்தியம் செய்துகொள்ளலாம் என்று கேட்டால் நம்மில் பலர் ஏதாவது ஒரு வழி சொல்லுவார்கள். வைத்தியம் முடிந்து வீடு திரும்பியவர் அதன் பிறகு எப்படி வாழ்வது என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள்; பழமும் துஆவுமாக வந்து போவார்கள். இரண்டு மாதம் சென்றால், "அதுதான் சுகமாகிவிட்டதே" என்று அவரவர் அலுவலைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவருக்கோ உண்மையான சிரமம் அப்போதுதான் ஆரம்பமாகிறது.

இதை விளக்கமாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் பிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர். தமக்கே புற்றுநோய் கண்டு சுகம் பெற்றவர். அவர் 1985-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், நோய் கண்டவரின் வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்தார். நோய் கண்டு சிகிச்சை பெறுவது முதற் பருவம். சிகிச்சை முடிந்து, தளர்ந்த உடலோடும், மீண்டும் வருமோ என்ற அச்சத்தோடும் காலம் கழிப்பது இரண்டாவது. நோய் இனித் திரும்பாது என்ற நம்பிக்கை பெரிதும் உறுதிப்பட்ட பின், அது விட்டுச்சென்ற குறைகளோடு வாழ்வது மூன்றாவது. நாம் இங்கே கவனிக்கப்போவது இந்த இரண்டாம் பருவத்தை.

புற்றுநோய் பல வகை. அவற்றுள் வாய்ப்புற்றை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் இந்நோய் மற்ற இனத்தாரைக் காட்டிலும் இந்தியரிடையே அதிகமாகக் காணப்பட்டு வந்திருக்கிறது. வெற்றிலை பாக்குப் பழக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. புகையிலை சேர்த்தால்தான் கெடுதல் என்று சாதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், ஏன், வெறும் பாக்குமே புற்றை உண்டாக்கும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. அன்றியும், வியாபாரிக்கு வாய்தானே முதல்! விலை பேசுவதும் சரக்கை ருசி பார்ப்பதும் வாடிக்கைக்காரரோடு தேநீர் அருந்துவதும் அதனால்தான்.

கழுத்திலும் வாயிலும் கதிர் சிகிச்சை பெற்றவருக்கு உமிழ்நீர் வற்றிவிடுகிறது. சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். அது குறைந்தால் சோறு தொண்டையில் இறங்காது. நாலு வார்த்தை பேசுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடையில் கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர்ப் போத்தல் இருக்கவேண்டும். இவ்வளவும் அவருக்குத் தானே தெரிந்துவிடும். தெரியாதது வேறொன்று. பற்களைக் காப்பது உமிழ்நீர்தான். அது வற்றியபின் பற்கள் விரைவில் சொத்தையாகும். சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் போயிற்று என்று அருகிலுள்ள பல் வைத்தியரிடம் போய் உட்காருவது பேராபத்து. கதிர் பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால், பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பே பட்டுப்போகலாம். இந்த ஆபத்து ஓராண்டு ஈராண்டில் தீர்வதன்று. ஆயுள் முழுதும் உண்டு. ஆகவே ஃபுளோரைடு பூச்சும் தவறாத பல் பரிசோதனையும் அவசியம். எந்தப் பல்லைப் பிடுங்குவதானாலும், கதிர் சிகிச்சை பெற்றதை முதலில் சொல்லி, அந்த ஆஸ்பத்திரி டாக்டரையும் கலந்துகொள்ள வேண்டும்.

தாடை இறுகிப்போவதும் உண்டு. மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். நுழையவில்லையானால், அதாவது 35 மில்லிமீட்டருக்குக் குறைவாக வாய் திறந்தால், அதற்குரிய பயிற்சியைத் தினமும் செய்தாக வேண்டும். பல மாதங்கள் விட்டபின் பலன் குறைவு. கழுத்தில் ரண சிகிச்சை செய்தவர்களில் சிலருக்கு, தோளை உயர்த்தும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். மேல்தட்டிலுள்ள டப்பாவை எடுக்கக் கை வராது. அரிசி மூட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதைக் கடையாட்கள் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது.

அசதியின் கதையும் இதுவே. இந்த அசதி ஒரு நாள் தூங்கி எழுந்தால் தீர்வதன்று. நாள் முழுதும் படுத்திருந்தால் இன்னும் கூடும். சிறிது சிறிதாக நடந்து பழகினால் குறையும். ஆயினும் மாதக்கணக்கில் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல் என்று வந்தால் தைராய்டுச் சுரப்பியைக் கவனிக்க வேண்டும். கழுத்தில் கதிர் பட்டவர்கள் பலருக்கு அது பின்னாளில் தளர்ந்துபோகிறது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்; தினம் ஒரு மாத்திரையில் சரிப்படும். இதை அறியாமல், "மனசு உடைந்துவிட்டது" என்று குடும்பத்தார் வருந்திக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் உறவினர் செய்யும் உபசாரமே சில சமயம் தொல்லை. காரமும் புளியும் வாயை எரிக்கும். ருசி திரும்பப் பல மாதங்கள் ஆகும். கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி நாலுபேர் உட்காரும்போது, வாயோரம் வழியுமே என்று கூசி அவர் எழுந்து போய்விடுகிறார். போகாவிட்டாலும், ஒட்டிக்கொள்ளும் நோயோ என்று பக்கத்திலிருப்பவர் நகர்ந்துவிடுவதும் உண்டு. புற்றுநோய் எச்சிலால் ஒட்டுவதன்று. அவருக்குத் தனித் தட்டு வேண்டுமானால் அவர் வசதிக்காக இருக்கட்டும். நம் அச்சத்துக்காக வேண்டாம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி அவருக்கு இதமாக இறங்கும்; ஆனால் பகல் முழுதும் தண்ணீரின்றி இருக்க முடியுமா என்பதை டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். நோயாளிக்குச் சலுகை இருப்பதை நாம் அறிவோம்.

இனிக் கடைக்கு வருவோம். முதலாளி ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் கல்லாச் சாவி மகனிடமோ பங்காளியிடமோ போயிருக்கும். அவர் திரும்பியதும் இருவிதத் தவறு நடக்கிறது. மறுநாளே பழைய பாரம் முழுவதையும் அவர் தலையில் வைப்பது ஒன்று. "நீங்கள் சும்மா இருங்கள் அத்தா" என்று ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கொள்முதலையும் பற்றுவரவையும் அவரிடம் கேளாமலே நடத்துவது மற்றொன்று. இரண்டாவதுதான் கொடுமை என்பது எங்கள் கருத்து. அரை நாள் வரட்டும், பேரேட்டைப் பார்க்கட்டும், சரக்குக்காரரிடம் டெலிபோனில் பேசினால் சொல் குழறுகிறதென்றால் வாட்ஸ்அப்பில் எழுதட்டும். பேச்சுப் பயிற்சி தருபவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். சாவி யாரிடம், கையெழுத்து யாருடையது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி, எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பழைய காப்புறுதியைச் சந்தாக் கட்டாமல் விட்டுவிடக் கூடாது. நோய் கண்டவருக்குப் புதிது கிடைப்பது கடினம். நோயை மறைத்து வாங்கினால், பணம் கேட்கும் நாளில் கம்பெனி கைவிரிக்கும். சிங்கப்பூரில் 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் திட்டம், முன்பே நோய் கண்ட குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் சேர்த்துக்கொள்கிறது.

மீண்டும் வருமோ என்ற அச்சத்தை யாராலும் முற்றாகப் போக்க முடியாது. இந்நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்புகிறது. ஆகவே அக்காலத்தில் டாக்டர் அடிக்கடி வரச்சொல்லுவார். நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெடும். அந்த வாரம் வீட்டிலுள்ளோர் அவரது கோபத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும். ஒருவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். ஆறாத புண், கழுத்தில் புதுக் கட்டி, விழுங்கும்போது வலி இவை கண்டால் குறித்த நாள் வரும்வரை காத்திராமல் உடனே போகவேண்டும். பாக்கும் புகையும் இனி அடியோடு ஆகா. சுகமானதைக் கொண்டாட ஒரு வெற்றிலை நீட்டும் நண்பரை நாம்தான் தடுக்கவேண்டும்.

கடைசியாக ஒரு காகிதம். எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு கதிர் கொடுத்தார்கள், என்ன ரண சிகிச்சை, என்ன மருந்து என்று சுருக்கமாக எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது செலவு குறைவென்று அங்கே பல் வைத்தியம் செய்துகொள்வது நம்மவர் வழக்கம். அந்த வைத்தியர் பல்லைத் தொடுவதற்கு முன் இந்தக் காகிதத்தைப் படிக்கவேண்டும்.