கல் இல்லாத ஊரிலிருந்து கற்காலம் வரைபவர்களுக்கு

காரைக்காலில் வரையக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கற்காலத்துக் குடும்பம் ஒன்றை வைத்து, சிரிப்பும் சாகசமுமாக ஒரு அனிமேஷன் குறும்படம் எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். 'தி குரூட்ஸ்' பார்த்துவிட்டு வந்த ஆசை அது என்று உங்கள் பேச்சிலேயே தெரிந்தது. நல்ல ஆசை. வரைபலகையோடு வயதான ஒருவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. குரூட்ஸை மறுபடி பாருங்கள், ஒலியை நிறுத்திவிட்டு. 2013இல் வந்த படம். கிர்க் டிமிக்கோவும் கிறிஸ் சாண்டர்ஸும் இயக்கியது. தொடக்கத்தில் காலை உணவுக்காக ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு குடும்பமே ஓடும் காட்சி இருக்கிறதே, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அப்பன் க்ரக் முன்னால் பாய்கிறான், மகள் ஈப் சுவர் ஏறுகிறாள், பாட்டி யாருக்கும் பிடிகொடுக்கவில்லை, முட்டை கைமாறிக்கொண்டே போகிறது. கடைசியில் எல்லாரும் குடித்தபின் அப்பனுக்கு மிஞ்சுவது ஒரு சொட்டு. அந்த ஓட்டம் முடியும்போது இந்த வீட்டில் யார் எப்படிப்பட்டவர், யார் யாருக்காக விட்டுக்கொடுப்பார் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கள் படத்தின் முதல் நிமிடம் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

2. அந்த மனிதர்களை முட்டாள்களாக வரையாதீர்கள். நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். குகை மனிதன் என்றதும் தொங்கும் தாடை, கையில் தடி, தலையில் அடித்துக்கொண்டு உளறுவது என்று ஒரு பழக்கம் கார்ட்டூன் உலகில் வேரோடிவிட்டது. சான்றுகள் சொல்வது வேறு கதை. சென்னைக்கு வடமேற்கே கொசத்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள். அந்தக் கோடரிகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். இருபுறமும் ஒத்து வரும்படி, விளிம்பு கூராகும்படி, எந்த அடியில் எந்தச் சில்லு தெறிக்கும் என்று முன்கூட்டியே கணித்துத் தட்டியிருக்கிறார்கள். நம்மைப் போன்ற மனித இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தைய கைகள் செய்த வேலை அது. அதே இடத்தில், ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிவிட்டது என்று 2018இல் அவர்களே காட்டினார்கள்.

இலங்கையைப் பாருங்கள். களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில் இருந்தவர்கள் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே எலும்பைத் தீட்டி அம்புமுனை செய்தார்கள். மழைக்காட்டு உச்சியில் தாவும் குரங்கையும் அணிலையும் அடித்துச் சாப்பிட்டார்கள். மணி கோத்து அணிந்தார்கள். அணிலைக் குறிவைக்கத் தெரிந்தவனை எப்படி அசடன் என்று வரைவது?

அப்படியானால் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நம் வீட்டில் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான். அப்பாவின் பிடிவாதம், பாட்டியின் காது கேளாமை, சின்னவன் எதையும் வாயில் போட்டுப் பார்ப்பது, அக்காள் சொன்னதைத் தம்பி தான் சொன்னதாக்கிக்கொள்வது. புத்திசாலிகள் சேர்ந்து வாழும்போதுதான் சிரிப்பு அதிகம்.

3. நம் ஊரில் கல் இல்லை. இதை நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? அரசலாற்றில் இறங்கினாலும், நெடுங்காட்டில் கிணறு வெட்டினாலும், கடற்கரையில் தோண்டினாலும் வண்டலும் மணலும்தான். கோயிலில் பார்க்கும் கருங்கல் எல்லாம் வெளியூர்க் கல். ராசராசன் தஞ்சையில் பெரிய கோயில் கட்டியபோதே கருங்கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படியிருக்க நீங்கள் காட்டிய முதல் ஓவியத்தில் செங்குத்தான மலையும் குகையும் இருந்தன. அது அமெரிக்கப் படத்தின் மலை. அரிசோனாவுக்கு நாம் கடன்பட வேண்டியதில்லை.

கல் இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள், கதையே அங்கேதான் இருக்கிறது. மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் தம் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டியபோது புதிய கற்காலத்துக் கோடரிகள் கிடைத்தன. ஒன்றில் குறிகள் செதுக்கப்பட்டிருந்தன. சிந்துவெளி எழுத்து என்று ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்தார். எழுத்தைப் பற்றிய விவாதத்தை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். வரைபவனாகிய என்னை உலுக்குவது வேறொன்று: கல்லே விளையாத மண்ணில் ஒரு கற்கோடரி. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்கள், அல்லது கைமாற்றி வாங்கியிருக்கிறார்கள். இங்கே அது எவ்வளவு அரிய பொருளாக இருந்திருக்கும்! ஒரு குடும்பத்துக்கு ஒரே கோடரி. அதைப் பிள்ளைகள் விளையாடி உடைத்துவிட்டார்கள். இனி வல்லம் பக்கத்துப் படிகக்கல்லைத் தேடியோ அதற்கும் அப்பால் மலைகளைத் தேடியோ மேற்கே நடந்தாக வேண்டும், அப்பன், ஆத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாரோடும். வாழ்நாளில் பாறையையே பார்த்திராத பிள்ளை முதன்முதலாக ஒரு குன்றின் முன் நிற்கும் காட்சியைக் காரைக்கால் பிள்ளையை விட நன்றாக யார் வரைவார்?

4. எந்தக் காலம் என்று முடிவு செய்துவிட்டுக் கடற்கரையை வரையுங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் நீர் இன்றைவிட அதிகமாகப் பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் விரிகுடா அதிக ஆழமில்லாதது, பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூடத் தேறாது. அப்போது அது தரை. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் கால் நனையாமல் போகலாம். கடல் மெல்ல ஏறி இரண்டையும் பிரித்தது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே நம் கடற்கரை அன்று இன்னும் கிழக்கே இருந்தது. இன்று கிளிஞ்சல்மேட்டுப் படகுகள் வலை வீசும் இடத்தில் உங்கள் குடும்பம் மான் துரத்தியிருக்கலாம்.

தெற்கே நடந்து போகிற கதையும் எடுக்கலாம். இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றுப் படிவுகளில் சிங்கம், காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் தொல்லெச்சங்கள் கிடைத்திருக்கின்றன. நீர்யானைக்குப் பயந்து மரம் ஏறும் பாட்டியை நான் இப்போதே பார்க்கிறேன்.

5. அலையை வைத்துச் சிரிக்காதீர்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 நம் மீனவ மேடுகளில் இன்னும் முடிந்துபோன நாளாகவில்லை. உங்கள் படத்தைப் பார்க்க முதலில் வந்து உட்காரப் போகிறவர்கள் அந்த அலையில் ஆட்களை இழந்த குடும்பங்கள்தான். பெரிய ஆபத்து ஒன்று கதைக்கு வேண்டுமென்றால் தோபா இருக்கிறது. சுமத்ராவில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்த எரிமலை. அதன் சாம்பல் இந்தியா முழுக்கப் பரவி விழுந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கு இன்றும் இருக்கிறது. அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் ஏறத்தாழ ஒரே விதமான கற்கருவிகள் கிடைத்ததாக 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வானம் இருண்டு சாம்பல் கொட்டியபின்னும் யாரோ மறுபடி உட்கார்ந்து கல் தட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தை வரையுங்கள்.

6. டைனோசர் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று தெரியும். அவை அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன, நம் இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம். இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தால் பார்க்கிற பிள்ளை பொய்யைக் கற்றுக்கொண்டு போகும். விட மனமில்லை என்றால் நேர்வழி ஒன்று உண்டு. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1987இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். மேற்கே நடக்கும் உங்கள் குடும்பம் அந்த மண்ணைக் கடக்கும்போது, அடை மழையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு ஒன்றின்மேல் இடறி விழட்டும். இது எந்த மிருகம் என்று அவர்கள் போடும் சண்டையே ஒரு நல்ல காட்சியாகும்.

7. பின்னணியில் சவுக்குத் தோப்பு வரைந்திருந்தீர்கள், அழகாக இருந்தது, எடுத்துவிடுங்கள். சவுக்கு நம் கரைக்குப் பிந்தி வந்தது. சீமைக் கருவேலம் இன்னும் பிந்தி. மிளகாய், முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. நெல்வயலும் கிடையாது. தாழை, நாவல், புங்கை, கழிமுகத்தில் அலையாத்தி. உயிர்களுக்குக் கோடியக்கரைக்கு ஒருமுறை போய் வாருங்கள். வெளிமான் குதிப்பதையும் பூநாரை ஒற்றைக்காலில் நிற்பதையும் நேரில் பார்த்து வரையுங்கள். மாசி பங்குனியில் நம் கரையிலேயே முட்டையிட வரும் பங்குனி ஆமையை விட்டுவிடாதீர்கள். அது மணலைத் துடுப்பால் தள்ளும் நிதானம் உங்கள் படத்துக்கே ஒரு தாளம் கொடுக்கும்.

8. உங்கள் கற்காலக் குடும்பத்துக்கு நம் நிறத்தைப் பூசுங்கள். வெளுத்த தோலும் கம்பளி போன்ற ரோம உடையும் பனி நாட்டுக்கு. இந்த வெயிலில், இந்த உப்புக்காற்றில் வாழ்ந்தவர்கள் கறுத்தவர்கள்.

9. அசைவைத் துறைமுகத்தில் படியுங்கள். அதிகாலையில் மீன் இறங்கும் நேரம் ஒரு மூலையில் உட்காருங்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். தலையில் நிறைகூடையோடு போகும் பெண்ணும் வெறுங்கூடையோடு திரும்பும் பெண்ணும் நடப்பதில் உள்ள வித்தியாசத்தை வரையுங்கள். கரைவலை இழுப்பது கிடைத்தால் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கயிறு, பத்துப் பதினைந்து பேர், ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகக் குதிகாலை மணலில் ஊன்றுகிறார்கள், ஆனாலும் ஒரே மூச்சு. குடும்ப சாகசப் படத்தில் எல்லாரும் சேர்ந்து எதையாவது இழுக்கும் காட்சி வராமல் போகாது. அதற்கான பாடம் இங்கே இருக்கும்போது கணினியில் மாதிரி தேட வேண்டாம்.

10. அப்பனின் பயத்தை மதித்து எழுதுங்கள். குரூட்ஸில் நான் மிகவும் விரும்புவது, க்ரக் ஏன் அப்படி அஞ்சுகிறான் என்பதற்குக் காரணம் இருப்பதுதான். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அழிந்துவிட்டன, மிஞ்சியது அவன் வீடு. மகளுக்கு வெளிச்சம் வேண்டும், அவனுக்கு அவள் உயிரோடு வேண்டும். இரண்டு பேரும் சரி. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளில் மகனைக் கடலுக்கு விடாத தகப்பனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாமியார் சாகவில்லையே என்று மருமகன் ஏங்கும் நகைச்சுவையும் அந்தப் படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அலைந்து திரிந்து வாழும் கூட்டத்தில் எந்தக் கிழங்கு விஷம், எந்த ஓடை கோடையிலும் வற்றாது என்று நினைவில் வைத்திருப்பவள் கிழவிதான். அவளைக் கதையை நடத்துகிறவளாக ஆக்குங்கள்.

11. நீளத்தைக் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். ஒரு நொடிக்கு 24 சட்டம், இரண்டு சட்டத்துக்கு ஒரு ஓவியம் என்றாலும் நொடிக்கு 12. ஒரு நிமிடத்துக்கு 720, ஐந்து நிமிடத்துக்கு 3,600. ஒரே சட்டத்தில் மூன்று பேர் நின்றால் வேலை இன்னும் பெருகும். நான்கு நிமிடத்துக்கு மேல் முதல் படம் வேண்டாம். பிளெண்டர், கிரிட்டா என்ற மென்பொருள்கள் இலவசம், அவையே போதும். பென்சில் கோட்டிலேயே கதைப்பலகை முழுவதையும் முடித்து, குரலோடு சேர்த்து ஓடவிட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே கால் ஆட்டத் தொடங்குகிறார்களோ அங்கே வெட்டுங்கள். வண்ணம் தீட்டியபின் வெட்ட மனம் வராது.

12. குரலை முதலில் பதியுங்கள், ஓவியம் பிறகு. உதடும் தோளும் குரலைப் பின்பற்றட்டும். மேடைத் தமிழும் வேண்டாம், சினிமாக்காரர்கள் எல்லா ஊருக்கும் ஒன்றாகப் பூசும் பேச்சும் வேண்டாம். நம் ஊர்ப் பேச்சு போதும், அதையும் குறைவாக. பாட்டிக்குக் குரல் கொடுக்க நடிகையைத் தேட வேண்டாம். கிளிஞ்சல்மேட்டிலோ திருமலைராயன்பட்டினத்திலோ மீன் விற்கும் ஆச்சி ஒருவரைக் கேளுங்கள். கதையை முழுவதும் அவரிடம் சொல்லிவிட்டு, வசனத்தாளைக் கொடுக்காமல், இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள் ஆச்சி என்று கேட்டுப் பதியுங்கள். என்ன கூலி என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், பதிவு முடிந்ததும் கையில் கொடுங்கள், படத்தின் முடிவில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். காலை வியாபாரம் முடியும் முன் போய் நிற்காதீர்கள், பத்து மணிக்கு மேல் போங்கள்.